நீர் நின்ற வயலில் ஒட்சியேற்றும் பொருள்கள்

கமக்காரர்களே,

சில வாரங்களாக நீர் நின்ற வயலிலே மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திச் சேற்றைப் புரட்டிப் பாருங்கள். மேற்புறத்தில் மிக மெல்லியதாக ஒரு கபில நிறப் படை இருக்கும். அதன் கீழே நீலங்கலந்த சாம்பல் நிறச் சேறு காணப்படும். அச் சாம்பல் நிறச் சேற்றில் ஒரு கட்டியை எடுத்து வரம்பின்மேல் வைத்துவிட்டு, மறுநாள் வந்து பாருங்கள். கட்டியின் வெளிப்புறம் துருவின் நிறத்தை அடைந்திருக்கும். அதனை இரண்டாகப் பிளந்தால் உள்ளே பழைய சாம்பல் நிறமே இருக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன், மண்ணிலுள்ள இரும்போடு ஓரிரவில் செய்த வேலை இது.

இவ்வேலையைப் படித்தவர்கள் ஒட்சியேற்றம் என்பர். பாடசாலைப் புத்தகத்திற்குரிய விடயந்தானே என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். நீங்கள் வயலில் எறியும் யூரியாவில் எவ்வளவு நெல்லைச் சேருகின்றது, எவ்வளவு ஆகாயத்திற் கலந்து மறைகின்றது என்பது இதிலேயே தங்கியிருக்கின்றது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டபொழுது ஒரு மூடை யூரியாவின் அருமையை எல்லோரும் உணர்ந்தோம். அவ்வளவு அருமையான பொருளைச் சேற்றின் இயல்பை அறியாது இட்டு இழப்பது பெரிய நட்டமாகும்.

ஒட்சியேற்றும் பொருள் என்பது யாது?

விறகு எரிவதும் இரும்பு துருப்பிடிப்பதும் வெவ்வேறு செயல்கள் போலத் தோன்றும். இரண்டிலும் நிகழ்வது ஒன்றே. ஒட்சிசன் ஒரு பொருளோடு சேருகின்றது. முன்னதில் விரைவாகவும் பின்னதில் மெதுவாகவும் சேருகின்றது. பிறீசிலி என்னும் ஆங்கிலேயர் 1774 ஆம் ஆண்டில் இரசத்தின் செந்நிற ஒட்சைட்டைச் சூடாக்கி இவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். எரிதல் என்பது இவ்வாயுவோடு சேர்தலே என விளக்கியவர் பிரான்சிய நாட்டு இலவோசியர். ஆகவே ஒட்சிசனைச் சேர்ப்பதே ஒட்சியேற்றம் எனத் தொடக்கத்திற் கொள்ளப்பட்டது.

பிற்காலத்தில் இதன் உட்பொருள் தெளிவாயிற்று. ஒவ்வொரு பொருளின் அணுவிலும் இலத்திரன் என்னும் நுண்ணிய மின்துணிக்கைகள் உள்ளன. ஒரு பொருள் தன் இலத்திரனை இழந்தால் அது ஒட்சியேற்றப்பட்டது எனப்படும். அந்த இலத்திரனைப் பெற்றுக்கொள்ளும் பொருளே ஒட்சியேற்றும் பொருள். அது பெற்றுக்கொள்வதால் தான் தாழ்த்தப்படுகின்றது. கொடுப்பவன் இல்லாமல் வாங்குபவன் இல்லை. எனவே ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் எப்பொழுதும் சேர்ந்தே நிகழும். ஒட்சிசன் வாயு இல்லாத இடத்திலும் வேறு பொருள்கள் இலத்திரனை வாங்கக்கூடும் என்பதே நாம் இங்கு கவனிக்கவேண்டியது. நைத்திரேற்று, மங்கனீசின் ஒட்சைட்டு, துருப்போன்ற இரும்பு ஒட்சைட்டு, சல்பேற்று ஆகியன இத்தகையவை. இவை யாவும் உங்கள் வயல் மண்ணிலேயே இருக்கின்றன.

சேற்றுக்குள் நடக்கும் முறை வைப்பு

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோல், அடிக்கட்டை, பழைய வேர், இலைதழை ஆகியவற்றை உண்டு வாழ்கின்றன. உண்ணும்பொழுது அவை இலத்திரன்களை வெளிவிடுகின்றன. அவ்விலத்திரன்களை யாரேனும் ஏற்றுக்கொண்டால்தான் அவற்றின் வாழ்வு நடைபெறும். சூடடித்த களத்தில் மூடைகளை இறக்கிக்கொண்டே போனால், அவற்றைத் தூக்கிச் செல்ல ஆட்கள் வேண்டுமல்லவா? அதுபோலவே இதுவும்.

வயல் காய்ந்திருக்கும்பொழுது சுமப்பவர்க்குக் குறைவில்லை. மண்துளைகளிலுள்ள காற்றில் ஒட்சிசன் நிறைய உண்டு. நீர் கட்டியவுடன் நிலைமை மாறுகின்றது. நீரினூடாக ஒட்சிசன் பரவும் வேகம் காற்றினூடாகப் பரவும் வேகத்தில் ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே சேற்றில் எஞ்சியிருந்த ஒட்சிசன் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். நுண்ணுயிர்கள் அதற்காக உண்பதை நிறுத்துவதில்லை. ஒட்சிசன் தீர்ந்தபின் நைத்திரேற்றைப் பிடிக்கின்றன. அது சில நாட்களில் முடிந்துவிடும். அடுத்து மங்கனீசு, அதன்பின் இரும்பு. இரும்பு நம் மண்களிற் பெருமளவில் உள்ளமையால் அது பல வாரங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். அதற்கும் பின்னர் சல்பேற்றின் முறை வருகின்றது. அது தாழ்த்தப்பட்டால் கூழ்முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு உண்டாகும். இறுதியில் மெதேன் வாயு தோன்றும். வயலில் நடக்கும்பொழுது காலடியில் குமிழிகள் எழுவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் மெதேன் பெரும்பங்கு வகிக்கும்.

இவ்வொழுங்கை உலகறிய விளக்கியவருள் முதன்மையானவர் நம் நாட்டவரே. கலாநிதி எப். என். பொன்னம்பெரும என்னும் இலங்கை மண்ணியல் அறிஞர், பிலிப்பைன் நாட்டிலுள்ள சருவதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றி, நீரில் மூழ்கிய மண்ணின் இரசாயனம் பற்றி 1972 ஆம் ஆண்டில் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் அத்துறையினரால் எடுத்தாளப்படுகின்றது.

இந்த முறை வைப்பை வீட்டிலேயே காணலாம். வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றில் முக்காற்பங்கு வயல் மண்ணும், நறுக்கிய வைக்கோல் ஒரு பிடியும் இட்டு, மண்ணுக்குமேல் மூன்று விரல் உயரத்திற்கு நீர் நிற்கும்படி ஊற்றி, மூடாமல் நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் மேலே மெல்லிய கபிலப் படையும் கீழே சாம்பல் நிறமும் பிரிந்து தோன்றும். பிள்ளைகளும் இதைப் பார்க்கட்டும்.

தாழ்த்தலால் தீமையே விளையும் என்று எண்ணவேண்டாம். இரும்பு தாழ்த்தப்படும்பொழுது புளிப்பான மண்ணின் அமிலத்தன்மை குறைகின்றது. இரும்போடு இறுகப் பிணைந்திருந்த பொசுபேற்றும் விடுபட்டு நெல்லுக்குக் கிடைக்கின்றது. நீர் கட்டிய நெல்லுக்கு நிலம் தானாகவே செய்யும் உதவி இது.

யூரியா மறையும் வழி

இனி மேலே கூறிய மெல்லிய கபிலப் படைக்கு வருவோம். இப்படை பெரும்பாலும் ஒரு சதமமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது. ஆயினும் நைதரசன் இழப்பின் வாசல் இதுவே.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அது மண்ணிற் பட்டுச் சில நாட்களில் அமோனியமாக மாறுகின்றது. அமோனியம் களிமண் துணிக்கைகளில் ஒட்டிக்கொள்ளும். நெல் வேர் அதனை விரும்பி உண்ணும். சாம்பல் நிறச் சேற்றுக்குள்ளே ஒட்சிசன் இல்லாமையால் அது அமோனியமாகவே நிலைத்திருக்கும். ஆனால் யூரியா மேற்பரப்பில் கிடந்தால், அமோனியம் கபிலப் படையிலேயே தங்கிவிடுகின்றது. அங்கே ஒட்சிசன் உண்டு. அதனை உபயோகிக்கும் பற்றீரியாக்களும் உண்டு. அவை அமோனியத்தை ஒட்சியேற்றி நைத்திரேற்றாக்குகின்றன. நைத்திரேற்று களியில் ஒட்டாது. நீரோடு மெல்லக் கீழே இறங்கும். கீழேயோ ஒட்சியேற்றும் பொருளுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம்! நைத்திரேற்று வந்தவுடன் அவை அதனைப் பற்றி, நைதரசன் வாயுவாக்கிவிடுகின்றன. வாயு குமிழியாய் எழுந்து காற்றிற் சேருகின்றது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன் ஏற்கெனவே உள்ளது. உங்கள் பணத்தில் அதற்கு மேலும் சேர்க்கவேண்டிய தேவை இல்லை.

இஃதன்றி, ஆழமாக நிற்கும் நீரில் யூரியாவை எறிந்தால், நண்பகல் வெயிலில் பாசி வளர்ந்த நீரின் காரத்தன்மை கூடி, அமோனியா வாயுவாகவும் நேரே பறந்துவிடும். இவ்விரு இழப்புகளாலும் பெரும்பாலான நெல்வயல்களில் இட்ட நைதரசனிற் பாதிக்குக் குறைவான பங்கே பயிரைச் சேருகின்றது.

ஆகவே யூரியா இடுவதற்கு முன் வயல் நீரை வடித்து, சேறு மூடும் அளவிற்கு மட்டும் விடுங்கள். களையை முன்னரே பிடுங்கிவிடுங்கள். யூரியாவை இட்டபின் கோனோ களைகருவி கொண்டோ கையாலோ மேற்சேற்றைக் கலக்கி, அதனைச் சாம்பல் நிறப் படைக்குள் இறக்குங்கள். பின் நீரைப் படிப்படியாக ஏற்றலாம். முழு அளவையும் ஒரே தடவையில் இடாமல், உங்கள் வட்டாரத்திற்குச் சிபாரிசு செய்யப்பட்ட பகுப்பின்படி இடுங்கள். மட்டம் வெடிக்கும் காலத்திலும் கதிர் உருவாகத் தொடங்கும் காலத்திலும் வேர்கள் சேற்றின் மேற்பகுதியெங்கும் பரவியிருப்பதால், நுண்ணுயிர்களை முந்திக்கொண்டு பயிரே பசளையை எடுத்துக்கொள்ளும்.

நைத்திரேற்றுப் பசளைகளைச் சேற்று வயலுக்கு வாங்கவே வேண்டாம். அவை ஏற்கெனவே ஒட்சியேறிய நிலையிலுள்ளவை. சேற்றிற் சேர்ந்த சில நாட்களிற் பெரும்பங்கு வாயுவாகும்.

வடக்கிலும் கிழக்கிலும் புழுதி விதைப்புச் செய்வோர் மேலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மழைக்கு முன் காய்ந்த புழுதியில் இட்ட யூரியா, மழை பிந்தினால் காற்றோட்டமான அம்மண்ணில் நைத்திரேற்றாக மாறிவிடும். பின் மாரி ஒரேயடியாகப் பெய்து வயல் நிரம்பும்பொழுது, அது வாயுவாகவோ நீரோடு கழுவுண்டோ போய்விடும். முளைத்த பயிரைக் கண்ட பின்னர் இடுவதே மேல்.

இரும்பும் வேரும்

நெல் மற்றப் பயிர்களைப்போலச் சேற்றில் மூச்சுத் திணறி இறப்பதில்லை. அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உள்ளன. இலைகள் உள்ளிழுக்கும் ஒட்சிசன் அவ்வறைகளினூடாக வேருக்கு இறங்கி, வேரைச் சுற்றியுள்ள சேற்றுக்குள்ளும் சிறிது கசிகின்றது. அக்கசிவு, கரைந்துள்ள இரும்பை வேரின் வெளியிலேயே ஒட்சியேற்றித் துருவாகப் படியச் செய்கின்றது. நாற்றைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால், வேரில் செங்கபில நிறப் பூச்சு இருக்கும். இளம் வேர்நுனி வெண்மையாக இருக்கும். இது நல்ல வேர். வேர் நோயுற்றது என்று எண்ணி மருந்து தேடுவோரை நான் கண்டிருக்கிறேன்; அந்தத் துருவே வேரின் கவசம்! அதற்கு மாறாக வேர் கறுத்து, நாற்றம் வீசினால் சல்பைட்டு வேரைத் தாக்கியுள்ளது என அறிக.

வயல்நீரில் எண்ணெய்போல மின்னும் படலத்தைக் கண்டு, உழவு இயந்திரத்தின் எண்ணெய் சிந்திவிட்டது எனச் சிலர் கவலைப்படுவதுண்டு. ஒரு குச்சியால் அதனைக் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து, உடைந்தபடியே மிதந்தால் அது இரும்புப் படலம். மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய்.

கரைந்த இரும்பு அளவுக்கு மிஞ்சினால் வேரின் கவசம் போதாது. களுத்துறை, காலி முதலான தாழ்நாட்டு ஈரவலயத்தில், செம்பூரான் கல் மேட்டுநிலங்களின் அடியிலுள்ள வயல்களில் இத்தொல்லை அதிகம். மேட்டிலிருந்து ஊறிவரும் நீர் இரும்பைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. கீழ் இலைகளின் நுனியிற் கபிலப் புள்ளிகள் தோன்றி, அடிநோக்கிப் பரவி, முழு இலையும் வெண்கல நிறமடையும். பயிர் குறுகி நிற்கும். இலங்கையிற் கண்ட இந்நோய்க்கு இரும்பு நஞ்சாதலே காரணம் என்பதனை, முற்கூறிய பொன்னம்பெரும அவர்களும் கோர்ணெல் பல்கலைக்கழகத்து அறிஞரான பிராட்பீல்டு, பீச் ஆகியோரும் 1955 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினர். இந்நோய்க்குக் காரணம் சேற்றின் இரசாயனமே என்பது இதனால் தெளிந்தது.

இத்தகைய வயலுடையோர் மேட்டின் அடியோரமாக ஒரு வாய்க்கால் வெட்டி, ஊற்றுநீரை வயலுக்குள் வராமல் திருப்பிவிட வேண்டும். பொற்றாசியப் பசளையை ஒருபோதும் குறைக்கலாகாது. பொற்றாசியம் குன்றிய வேருக்கு இரும்பை ஒட்சியேற்றி நிறுத்தும் வலிமை குன்றிவிடும். பொம்புவலை நெல் ஆராய்ச்சி நிலையம் இம்மண்களுக்கெனப் பொறுக்கியெடுத்த இனங்கள் உள்ளன. உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அவற்றைப் பெறுங்கள்.

வைக்கோலைப்பற்றி ஒரு சொல். அதனை எரிக்காமல் வயலுக்கே கொடுப்பது நன்று. ஆனால் விதைப்பதற்கு முதல் நாள் பச்சை இலைகுழையையும் வைக்கோலையும் சேற்றில் மிதித்துப் புதைத்தால், நுண்ணுயிர்கள் வெறிகொண்டு உண்டு, ஒட்சியேற்றும் பொருள்களையெல்லாம் விரைவில் தீர்த்துவிடும். இளநாற்றின் வேர் அமிலங்களிலும் சல்பைட்டிலும் அகப்படும். முதலுழவோடு, விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பே அவற்றைப் புதைத்துவிடுங்கள்.

நீரை எப்பொழுது வடிக்கலாம்?

வேர் கறுத்து நாற்றம் எழும் வயலுக்கு உடன் மருந்து காற்றுத்தான். வரம்பை வெட்டி நீரை வடித்து, மண்ணில் மயிரிழைபோன்ற வெடிப்புத் தோன்றும்வரை விடுங்கள். ஒட்சிசன் உள்ளே இறங்கி, சல்பைட்டையும் இரும்பையும் ஒட்சியேற்றும். புதிய வெண்வேர்கள் சில நாட்களில் தோன்றும். நீர் சிக்கனமும் மெதேன் குறைவும் இதன் மேலதிக இலாபங்கள்.

ஆனால் யூரியா இட்ட மறுநாள் இதனைச் செய்யாதீர்கள். காய்ந்த மண்ணில் அமோனியம் நைத்திரேற்றாகி, மீண்டும் நீர் கட்டும்பொழுது வாயுவாகிப் போய்விடும். வடிப்பது முதலில், பசளை அதன்பின், நீர் கட்டுதல் அதற்கும் பின் என்பதே ஒழுங்கு. பூக்கும் காலத்தில் வயலைக் காயவிடுதலும் கூடாது.

இன்னொரு விலக்கும் உண்டு. கடலோரச் சதுப்புகள் சிலவற்றில், கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைற்று என்னும் கனியம் மண்ணுக்கடியிற் புதைந்திருக்கும். நீரின்கீழ் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. ஆழமாக வடித்துக் காற்றுப்படவிட்டால், அது ஒட்சியேறிச் சல்பூரிக்கமிலமாகி நிலத்தையே பாழாக்கும். மாத்தறைப் பகுதியில் நில்வளா கங்கையின் தாழ்நிலங்களில் இவ்வனுபவம் ஏற்பட்டுள்ளது. அத்தகைய நிலத்தில் மேல்நீரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆழ வாய்க்கால் வெட்டலாகாது.

தோட்டக்காரருக்கு

மிளகாய், வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விளைவிக்கும் தோட்டமண் காற்றோட்டமானது. யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணின் சிவப்பே, அங்குள்ள இரும்பு முற்றும் ஒட்சியேறியது என்பதற்குச் சான்று. அங்கே யூரியா இட்டாலும் மாட்டெரு இட்டாலும், முடிவில் நைத்திரேற்றாகவே பயிர் அதனைக் காணும். ஆகவே பொற்றாசியம் நைத்திரேற்று, கல்சியம் நைத்திரேற்று முதலியன தோட்டத்திற்கு ஏற்றவையே. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் கூறவேண்டும்.

முதலாவது, களஞ்சியம் பற்றியது. யூரியா ஒட்சியேற்றும் பொருளன்று. நைத்திரேற்றுகள் வலிய ஒட்சியேற்றும் பொருள்கள். வெடிமருந்தில் கரியும் கந்தகமும் எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைக் கொடுப்பது பொற்றாசியம் நைத்திரேற்றே. 2020 ஆம் ஆண்டு ஆவணி 4 ஆந் திகதி, இலெபனானின் பெய்ரூத் துறைமுகக் களஞ்சியமொன்றில் கிடந்த ஏறத்தாழ 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று தீப்பற்றி வெடித்து, இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உங்கள் கொட்டிலில் இருப்பது ஒரு மூடையாயினும் அதன் குணம் ஒன்றே. பையில் வட்டத்தின்மேல் தீச்சுவாலை எழுதிய அடையாளம் இருப்பின், அதனை மண்ணெண்ணெய், டீசல், கந்தகத்தூள், மரத்தூள், உமி, வைக்கோல் ஆகியவற்றுக்கு அருகில் வைக்கவேண்டாம். சிந்தியதை மரத்தூள் கொண்டு கூட்டவேண்டாம். தீப்பற்றினால் ஈரச்சாக்கால் மூடி அணைக்க முயல்வது பயனற்றது; எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் அப்பொருளுக்குள்ளேயே உண்டு. தொடக்கத்திலேயே தொலைவில் நின்று நீரை மிகுதியாக ஊற்றலாம். தீ மூடைகளைப் பற்றிவிட்டால் அருகில் நிற்காது ஆட்களை அப்புறப்படுத்தித் தீயணைப்புப் படையினரை அழையுங்கள்.

இரண்டாவது, கிணறு பற்றியது. இதனையே பெரிதும் வற்புறுத்துகின்றேன். களியில் ஒட்டாத நைத்திரேற்று, மிகையான பசளையோடும் மிகையான இறைப்போடும் கீழே இறங்குகின்றது. வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல்லும் கற்பிட்டியின் மணலும் அதனைத் தடுப்பதில்லை; நேரே கிணற்றில் விடுகின்றன. செறிந்த தோட்டச்செய்கை நடைபெறும் இவ்விரு பகுதிகளிலும், குடிநீருக்கு உரிய எல்லையான இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்றுடைய கிணறுகள் காணப்பட்டுள்ளன.

ஆறு மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்கு அத்தகைய நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், வயிற்றிலே நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்திலுள்ள இரும்பை ஒட்சியேற்றிவிடும். சேற்றுக் கட்டி வரம்பிலே நிறம் மாறியதே, அதே செயல்தான். ஒட்சியேறிய இரும்பையுடைய இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கமாட்டாது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் ஒரு நாழிகையும் தாமதியாது ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். நிறத்தாலோ சுவையாலோ அதனை அறியவும் முடியாது. தோட்டத்தின் நடுவிலுள்ள கிணற்றிலிருந்து குடிநீர் எடுப்போர், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் அந்நீரைச் சோதிப்பித்துக் கொள்ளவேண்டும். முடிவு வரும்வரை குழந்தைக்கு வேறு நீர் தேடிக்கொள்ளுங்கள். தோட்டத்திலே பசளையைச் சிறுகச் சிறுகப் பல தடவையாக இட்டு, வேர் எட்டும் ஆழத்திற்கு மேல் நீர் இறங்காதபடி இறையுங்கள். கிணற்றுக் கட்டோரத்தில் பசளை மூடையை அவிழ்ப்பதையும் தெளிகருவியைக் கழுவுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.